இந்தியாவில் இணையவழி உணவு விநியோகமும் சிறு உணவகங்களும்

இணையவழி உணவு விநியோகத் தளம் என்பது, உணவகங்களின் பெயர்களையும் விலைப்பட்டியல்களையும் செல்பேசிச் செயலி அல்லது இணையதளம் வழியாகக் காட்டி, வாடிக்கையாளரிடம் ஆர்டரையும் பணத்தையும் பெற்று, உணவை அவரது வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் இடைநிலைச் சேவை ஆகும். இந்தியாவில் சொமேட்டோ, ஸ்விக்கி ஆகிய இரு தளங்கள் இச்சந்தையின் மிகப் பெரும்பகுதியைக் கொண்டுள்ளன. இத்தளங்கள் தம் பணிக்கு ஈடாக உணவகங்களிடமிருந்து தரகுத்தொகை (கமிஷன்) பெறுகின்றன.

சிறு உணவகம் என்பது இங்கு மெஸ், பரோட்டாக் கடை, பிரியாணிக் கடை, சிற்றுண்டிச் சாலை போன்ற, சில மேசைகளும் ஒரு சமையலறையும் கொண்டு, பெரும்பாலும் உரிமையாளரே கல்லாவில் அமர்ந்து நடத்தும் கடையைக் குறிக்கும். இத்தகைய கடைக்குத் தளத்தில் இணைவது இலாபமா நட்டமா என்பது தரகு விழுக்காட்டை மட்டும் பொறுத்ததன்று. தளம் வழியாக வரும் ஆர்டர்களில் எத்தனை புதியவை, எத்தனை ஏற்கெனவே கடைக்கு நேரில் வந்துகொண்டிருந்தவர்களுடையவை என்பதே முடிவைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணி ஆகும்.

வரலாறு

2008 ஆம் ஆண்டில் தீபிந்தர் கோயல், பங்கஜ் சத்தா ஆகியோர் உணவகங்களின் விலைப்பட்டியல்களை இணையத்தில் வெளியிடும் ஃபுடீபே என்னும் தளத்தைத் தொடங்கினர். இது 2010 இல் சொமேட்டோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. முதலில் இது தகவல் தளமாகவும் மதிப்புரைத் தளமாகவும் மட்டுமே இருந்தது. 2015 இல் உணவு விநியோகத்தில் இறங்கியது. ஸ்ரீஹர்ஷ மஜேட்டி, நந்தன் ரெட்டி, ராகுல் ஜைமினி ஆகியோர் 2014 இல் பெங்களூரில் ஸ்விக்கியைத் தொடங்கினர். விநியோக ஊழியர்களைத் தானே அமர்த்தியது ஸ்விக்கியின் சிறப்பம்சமாகும். அதற்கு முன்னர் வீட்டுக்கு உணவு அனுப்ப விரும்பிய கடைகள் சொந்தமாக ஆள் வைத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் பல நிறுவனங்கள் இத்துறையில் நுழைந்து விலகின. ஃபுட்பாண்டாவின் இந்தியப் பிரிவை 2017 இல் ஓலா வாங்கியது. பின்னர் அச்சேவை நிறுத்தப்பட்டது. 2017 இல் இந்தியாவுக்கு வந்த ஊபர் ஈட்ஸ், 2020 ஜனவரியில் சொமேட்டோவுக்கு விற்கப்பட்டது. அமேசான் 2020 இல் பெங்களூரில் தொடங்கிய உணவுச் சேவை 2022 இறுதியில் மூடப்பட்டது. இவ்வாறு களத்தில் இரு பெரும் தளங்களே எஞ்சின. சொமேட்டோ 2021 ஜூலையிலும் ஸ்விக்கி 2024 நவம்பரிலும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன. சொமேட்டோவை நடத்தும் நிறுவனம் 2025 இல் தன் பெயரை எட்டர்னல் என மாற்றிக்கொண்டது; செயலியின் பெயர் மாறவில்லை.

2020 மார்ச் மாதம் கொரோனாப் பெருந்தொற்றை ஒட்டி நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, உணவகங்களில் அமர்ந்து உண்பது தடைசெய்யப்பட்டது. வீட்டுக்கு உணவு கொண்டுசேர்ப்பது அனுமதிக்கப்பட்டது. அதுவரை தளங்களில் இணையாத பல கடைகள் இக்காலத்தில் இணைந்தன.

இயங்குமுறை

ஒரு கடை தளத்தில் இணையும்போது உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், விலைப்பட்டியல் ஆகியவற்றை அளிக்கிறது. உரிமம் இல்லாத கடைகளைப் பட்டியலிலிருந்து நீக்குமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 இல் தளங்களுக்கு உத்தரவிட்டது.

ஆர்டர் வந்ததும் கடையில் உள்ள செல்பேசியில் அல்லது கைக்கணினியில் அறிவிப்பு ஒலிக்கும். கடைக்காரர் அதை ஏற்றுச் சமைக்கத் தொடங்குவார். அதே வேளையில் தளத்தின் மென்பொருள் அருகிலுள்ள விநியோக ஊழியர் ஒருவரை அக்கடைக்கு அனுப்பும். வாடிக்கையாளர் செலுத்தும் பணம் முதலில் தளத்துக்குச் செல்கிறது. தரகு, வரி, விளம்பரக் கட்டணம் முதலியவற்றைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையைத் தளம் குறிப்பிட்ட கால இடைவெளியில் கடையின் வங்கிக் கணக்கில் செலுத்தும்.

செயலியில் எந்தக் கடை மேலே தோன்றும் என்பதைத் தளத்தின் தரவரிசை நெறிமுறை முடிவு செய்கிறது. தூரம், வாடிக்கையாளர் மதிப்பீடு, சமைக்கும் வேகம், ரத்து செய்யப்படும் ஆர்டர்களின் அளவு ஆகியவை இதில் இடம்பெறுகின்றன. கட்டணம் செலுத்தி விளம்பரம் செய்யும் கடைகளும் மேலே காட்டப்படுகின்றன.

உணவகத்துக்கு ஏற்படும் செலவுகள்

தரகுத்தொகை: இது பொதுவாக ஆர்டர் மதிப்பில் 15 முதல் 30 விழுக்காடு வரை அமைகிறது. நகரம், கடையின் பேரம் பேசும் ஆற்றல், விநியோகத்தைச் செய்வது யார் என்பவற்றைப் பொறுத்து இது மாறும். நூற்றுக்கணக்கான கிளைகள் கொண்ட தொடர் உணவகங்கள் குறைந்த விழுக்காட்டைக் கேட்டுப் பெற முடிகிறது. ஒற்றைக் கடைகளுக்கு அந்த வலிமை இல்லை.

தரகின் மீதான வரி: தரகுத்தொகைக்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. இந்தியாவில் பெரும்பாலான உணவகங்கள் 2017 நவம்பர் 15 முதல், உள்ளீட்டு வரி வரவு இல்லாத 5 விழுக்காடு வரி விகிதத்தின் கீழ் வருகின்றன. ஆகவே தரகுக்குச் செலுத்திய 18 விழுக்காடு வரியைப் பிற தொழில்களைப் போல அவை திரும்பப் பெற இயலாது. 25 விழுக்காடு தரகு என்பது நடைமுறையில் 29.5 விழுக்காடு ஆகிறது.

தள்ளுபடி: செயலியில் காட்டப்படும் தள்ளுபடியின் முழுப் பகுதியையோ ஒரு பகுதியையோ கடையே ஏற்கும் திட்டங்கள் பல உள்ளன.

விளம்பரம்: பட்டியலில் மேலே தோன்றுவதற்கான கட்டணம், பெரும்பாலும் சொடுக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்னும் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது.

பொதி: கசியாத பெட்டிகள், உறைகள், சாம்பார் மற்றும் சட்னிக்கான சிறு கிண்ணங்கள் ஆகியவற்றுக்கான செலவு. நேரில் உண்போருக்கு இச்செலவு இல்லை.

பணப்புழக்கம்: கல்லாவில் உடனே விழும் பணம், தளம் வழியாக வரும்போது சில நாள்கள் தாமதமாகிறது. அன்றாட வரவைக் கொண்டு மறுநாள் காய்கறியும் இறைச்சியும் வாங்கும் கடைகளுக்கு இது முக்கியமானது. 2020 அக்டோபர் முதல் தளங்கள் விற்பனையாளரின் தொகையில் 1 விழுக்காட்டை வருமான வரிக்காகப் பிடித்தம் செய்தன. இது 2024 அக்டோபர் 1 முதல் 0.1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

இவை தவிர, வாடிக்கையாளரும் விநியோகக் கட்டணம், தளக் கட்டணம் ஆகியவற்றைச் செலுத்துகிறார். தளக் கட்டணம் 2023 இல் ஆர்டருக்கு 2 ரூபாயாக அறிமுகமாகிப் பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

உணவகத்தின் செலவுகளை இரண்டாகப் பிரிக்கலாம். வாடகை, மாஸ்டர் மற்றும் பரிமாறுவோரின் சம்பளம் போன்றவை விற்பனை கூடினாலும் குறைந்தாலும் பெரிதும் மாறாதவை. இவை நிலைச் செலவுகள். அரிசி, இறைச்சி, எண்ணெய், எரிவாயு போன்றவை ஒவ்வொரு ஆர்டருடனும் கூடுபவை. இவை மாறும் செலவுகள். ஓர் ஆர்டரின் வருவாயிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் எஞ்சுவதே நிலைச் செலவுகளை ஈடுகட்டவும் இலாபம் ஈட்டவும் உதவும் தொகையாகும். இது இங்கு 'எஞ்சும் தொகை' எனப்படுகிறது.

விளக்கத்துக்காக, வரி நீங்கலாக 200 ரூபாய் மதிப்புள்ள ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்ளலாம். மூலப்பொருள் 80 ரூபாய், எரிவாயு முதலியன 6 ரூபாய், பொதி 10 ரூபாய், கடை ஏற்கும் தள்ளுபடி 10 விழுக்காடு, தரகு 25 விழுக்காடு எனக் கொள்க. தள்ளுபடி போக எஞ்சிய விலையின் மீது தரகு கணக்கிடப்படுவதாகவும் கொள்க.

நேரில் உண்ணும் ஆர்டர்:
விலை 200.00
மூலப்பொருளும் எரிவாயுவும் 86.00
எஞ்சும் தொகை 114.00

தளம் வழி ஆர்டர்:
தள்ளுபடி போக விலை 180.00
தரகு 45.00
தரகின் மீதான வரி 8.10
வங்கிக்கு வரும் தொகை 126.90
மூலப்பொருள், எரிவாயு, பொதி 96.00
எஞ்சும் தொகை 30.90

தளம் வழி ஆர்டர் ஒன்று முற்றிலும் புதியதாக இருந்தால் கடைக்கு 30.90 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. அதே வாடிக்கையாளர் முன்பு நேரில் வந்து உண்டவராக இருந்தால், 114 ரூபாய் கிடைத்த இடத்தில் 30.90 ரூபாயே கிடைப்பதால் 83.10 ரூபாய் இழப்பு ஏற்படுகிறது.

100 தளம் வழி ஆர்டர்களில் எத்தனை இடம்மாறியவை என்பதைப் பொறுத்து மொத்த விளைவு பின்வருமாறு அமையும்:

10 ஆர்டர்கள் இடம்மாறியவை எனில்: 3,090 - 1,140 = 1,950 ரூபாய் ஆதாயம்
27 ஆர்டர்கள் எனில்: 3,090 - 3,078 = 12 ரூபாய், அதாவது ஏறத்தாழச் சமநிலை
50 ஆர்டர்கள் எனில்: 3,090 - 5,700 = 2,610 ரூபாய் இழப்பு

மூன்று நிலைகளிலும் தளத்திலிருந்து வங்கிக் கணக்குக்கு வரும் தொகை ஒன்றே. அது 12,690 ரூபாய். தளம் அனுப்பும் கணக்கறிக்கையைப் பார்த்து ஆதாயத்தையும் இழப்பையும் வேறுபடுத்த இயலாது. இழப்பு அவ்வறிக்கையில் தெரிவதில்லை. கடையின் கல்லாவில் குறையும் விற்பனையிலேயே தெரியும். ஆர்டர்கள் பெருகியும் மாத இறுதியில் வாடகைக்குப் பணம் போதாமல் போவதற்கு இது ஒரு காரணமாகும்.

இதே உணவைச் செயலியில் 15 விழுக்காடு கூடுதல் விலைக்கு, அதாவது 230 ரூபாய்க்கு, தள்ளுபடியின்றி விற்றால் தரகும் அதன் வரியும் 67.85 ரூபாய் ஆகும். எஞ்சும் தொகை 66.15 ரூபாயாக உயரும். சமநிலைப் புள்ளியும் 27 இலிருந்து 58 ஆக உயரும். பல கடைகள் செயலியில் வேறு விலை வைப்பதன் காரணம் இதுவே. எனினும் விலை உயர்வால் ஆர்டர்களின் எண்ணிக்கை குறையலாம்.

இக்கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. பக்கத்துக் கடைகள் யாவும் தளத்தில் இருக்கும்போது ஒரு கடை மட்டும் விலகி நின்றால், வீட்டிலிருந்தே உண்ண விரும்பும் வாடிக்கையாளர் அக்கடைக்கு நேரில் வரமாட்டார்; வேறு கடையிடம் வாங்குவார். அப்போது 30.90 ரூபாய்க்கு மாற்றாக இருப்பது 114 ரூபாய் அன்று, சுழியமே. எல்லாக் கடைகளும் இவ்வாறே எண்ணி இணைவதால், எவருக்கும் வாடிக்கையாளர் பெரிதாகக் கூடாமலேயே அனைவருக்கும் தரகுச் செலவு ஏற்படும் நிலையும் உருவாகலாம்.

உணவகத்துக்குக் கிடைக்கும் பயன்கள்

அறிமுகம்: முதன்மைச் சாலையில் கடை பிடிக்க வாடகை அதிகம். உட்சந்தில் இருக்கும் நல்ல கடை ஒன்று, சில கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளோர் அனைவருக்கும் செயலியில் தெரிகிறது. இவ்வகையில் தரகு என்பது வாடகையின் ஒரு பகுதிக்கு மாற்றாகும்.

விநியோகம்: ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளம் கேட்கும் விநியோக ஆளை வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

வெறுமையான நேரம்: மதிய உணவு முடிந்து மாலை தொடங்கும் வரை அடுப்பும் ஆளும் சும்மா இருக்கும் வேளையில் வரும் ஆர்டர்கள் பெரும்பாலும் புதியவை. மாறாக, மதியம் ஒரு மணிக்கு மேசைகள் நிரம்பியிருக்கும்போது வரும் ஆர்டர், நேரில் அமர்ந்திருப்பவரைக் காக்க வைக்கிறது. எனவே ஒரே தரகில் ஒரே கடைக்கு நேரத்தைப் பொறுத்து ஆதாயமும் இழப்பும் மாறி மாறி ஏற்படக்கூடும்.

தகவல்: எந்த உணவு எந்நேரத்தில் விற்கிறது, எது குறைந்த மதிப்பீடு பெறுகிறது போன்ற விவரங்கள் கிடைக்கின்றன.

எவ்வகைக் கடைகளுக்குப் பொருந்தும்

பிரியாணி, பரோட்டா, வறுவல் போன்றவை அரை மணி நேரப் பயணத்தைத் தாங்குபவை. முறுகல் தோசை, பூரி போன்றவை மூடிய பெட்டிக்குள் ஆவியால் நமத்துப்போகும். உணவின் தரம் குறைந்தால் மதிப்பீடும் குறைந்து, தரவரிசையும் தாழும். இக்குறை சமையலில் இல்லாவிட்டாலும் கடையின் பெயருக்கே சேரும்.

ஆர்டரின் மதிப்பும் முக்கியமானது. விநியோக ஊழியருக்குத் தரவேண்டிய தொகை தூரத்தைப் பொறுத்தது. உணவின் விலையைப் பொறுத்ததன்று. 50 ரூபாய் இட்லிக்கும் 500 ரூபாய் பிரியாணிக்கும் பயணம் ஒன்றே. ஆகவே சிறு ஆர்டர்களில் வாடிக்கையாளர் செலுத்தும் கட்டணங்கள் உணவின் விலையை நெருங்கலாம். குறைந்த விலையே வலிமையாகக் கொண்ட கடைகளின் நுகர்வோர் இதனால் தளத்துக்கு வருவதில்லை.

வரி விதியும் இதில் பங்கு கொள்கிறது. 2022 ஜனவரி 1 முதல், தளம் வழியாக விற்கும் உணவகச் சேவைக்கான 5 விழுக்காடு வரியைத் தளமே வசூலித்துச் செலுத்த வேண்டும். ஆண்டு விற்பனை வரம்புக்குக் கீழ் இருப்பதால் வரிப் பதிவே தேவைப்படாத மிகச் சிறிய கடைக்கும் இது பொருந்தும். அக்கடையில் நேரில் வாங்கினால் வரியில்லாத உணவு, செயலியில் வாங்கினால் வரியுடன் வருகிறது.

விமர்சனங்களும் எதிர்ப்புகளும்

2019 ஆகஸ்டில் இந்திய தேசிய உணவகங்கள் சங்கம், உணவகத்தில் அமர்ந்து உண்போருக்குச் செயலிகள் வழங்கிய சந்தா அடிப்படையிலான பெரும் தள்ளுபடிகளுக்கு எதிராக 'லாக் அவுட்' எனப்படும் வெளியேறும் இயக்கத்தை நடத்தியது. 2021 ஜூலையில் அதே சங்கம் சொமேட்டோ, ஸ்விக்கி ஆகியவற்றின் மீது இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது.

வாடிக்கையாளரின் தொடர்பு விவரங்கள் கடைக்குத் தரப்படாமை நீண்டகாலக் குறையாகச் சொல்லப்படுகிறது. வாரந்தோறும் வாங்குபவர் யார் என்பதைக் கடை அறிய முடியாததால், தளத்தை விட்டு விலகினால் அவ்வாடிக்கையாளரையும் இழக்க நேர்கிறது. தளங்கள் தரப்பில் தனியுரிமை இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

தளமே போட்டியாளராவது மற்றொரு குறை. 2024, 2025 ஆண்டுகளில் பிளிங்கிட்டின் பிஸ்ட்ரோ, ஸ்விக்கியின் ஸ்னாக் போன்ற விரைவு உணவுச் சேவைகள் தொடங்கப்பட்டபோது, உணவகங்களின் விற்பனைத் தரவைக் கொண்டு அவற்றுடனேயே போட்டியிடுவதாகச் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது.

தமிழ்நாட்டில் நாமக்கல் நகர உணவக உரிமையாளர்கள் உயர்ந்த தரகுத்தொகையை எதிர்த்து 2025 இல் பெருந்தளங்களைப் புறக்கணித்து, மாற்றுச் செயலியை நாடினர்.

சட்டமும் ஒழுங்குமுறையும்

இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் வெளியிட்ட மின்வணிகச் சந்தை ஆய்வில் தளத்தின் நடுநிலைமை, விலைச் சமநிலை நிபந்தனை, பெருந்தள்ளுபடி ஆகியவற்றைச் சிக்கல்களாகக் குறிப்பிட்டது. 2022 ஏப்ரல் 4 அன்று சொமேட்டோ, ஸ்விக்கி ஆகியவற்றின் நடைமுறைகள் குறித்து விசாரணைக்கு உத்தரவிட்டது. ஒரு கடை வேறு இடத்தில் இதைவிடக் குறைந்த விலைக்கு விற்கக் கூடாது என்பதே விலைச் சமநிலை நிபந்தனை ஆகும். மேலே காட்டிய கணக்கின்படி, செயலிக்குத் தனி விலை வைக்கும் உரிமையே கடையின் முதன்மைத் தற்காப்பு என்பதால், இந்நிபந்தனை தரகு விழுக்காட்டுக்கு இணையான முக்கியத்துவம் உடையது.

இந்தியாவில் தரகுத்தொகைக்குச் சட்டப்படியான உச்ச வரம்பு இல்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2020 ஏப்ரலில் தரகுக்கு 15 விழுக்காடு வரம்பு விதித்தது. பின்னர் 2022 இல், கூடுதல் சேவை வேண்டும் கடைகள் விரும்பினால் அதிகம் செலுத்தலாம் எனத் தளர்த்தியது. நியூயார்க் நகரமும் 2020 இல் வரம்பு விதித்து 2021 இல் அதை நிலையானதாக்கியது. அதுவும் 2025 இல் தளர்த்தப்பட்டது.

மாற்று முறைகள்

எண்முறை வணிகத்துக்கான திறந்த வலையமைப்பு (ஓஎன்டிசி) இந்திய அரசின் ஆதரவுடன் 2021 இறுதியில் நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. 2022 ஏப்ரலில் முன்னோட்டம் தொடங்கிய ஐந்து நகரங்களுள் கோயம்புத்தூரும் ஒன்று. இதில் வாங்குபவரின் செயலி, விற்பவரின் செயலி, விநியோக நிறுவனம் ஆகியவை தனித்தனியானவை. பொதுவான நெறிமுறை ஒன்றால் இணைக்கப்பட்டவை. ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து வேறு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்குக் கடிதம் அனுப்புவது போன்றது இது. இதில் தரகு குறைவு. எனினும் தொடக்கத்தில் வழங்கப்பட்ட ஊக்கத்தொகைகள் பின்னர் குறைக்கப்பட்டன. ஆர்டரில் குறை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் இத்தகைய பிரிந்த அமைப்பில் எளிதான வினா அன்று.

2025 இல் ராப்பிடோ நிறுவனம் பெங்களூரில் தொடங்கிய ஓன்லி சேவை, விழுக்காட்டுக்குப் பதிலாக ஆர்டருக்கு நிலையான கட்டணம் பெறும் முறையைப் பின்பற்றியது.

சிறு கடைகள் தாமே கையாளும் வழிமுறைகளும் உள்ளன. கூட்ட நேரத்தில் செயலியில் கடையை மூடி வைத்தல், பயணத்தைத் தாங்கும் உணவுகளை மட்டும் பட்டியலிடுதல், பலவற்றைச் சேர்த்து ஆர்டரின் மதிப்பை உயர்த்துதல், அருகில் உள்ளோரிடம் தொலைபேசியிலோ வாட்சப்பிலோ நேரடி ஆர்டர் பெறுதல் ஆகியவை அவற்றுள் சில. செயலியைச் சில நாள்கள் மூடி, அந்நாள்களின் கல்லா வரவைத் திறந்திருந்த நாள்களுடன் ஒப்பிட்டால், ஆர்டர்களில் எத்தனை இடம்மாறியவை என்பதை ஓரளவு மதிப்பிடலாம்.

இவற்றையும் பார்க்க

மின்வணிகம்
சரக்கு மற்றும் சேவை வரி (இந்தியா)
இந்தியப் போட்டி ஆணையம்
சமநிலைப் புள்ளி